மீசை ஆயா

என் தங்கையின் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தபோது கொடுத்த அடையாள அட்டையை நான்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். படத்தில் கட்டை மீசை. படத்துக்குக் கீழே, 'பதவி: ஆயா'. நான் பல்கலைக்கழகத்தின் ஊழியர் பேருந்தை ஓட்டுகிறவன். சிரித்துக்கொண்டே ஸ்டீயரிங் பிடிப்பது ஆபத்து என்பதால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு நிம்மதியாகச் சிரித்தேன். மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை. அட்டையைத் திரும்ப வாங்கி, சட்டையில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டார். அவரைக் கோபப்படுத்திப் பார்க்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து முயன்று வருகிறேன். என் பாச்சா இதுவரை பலித்ததில்லை.

முன்பு அவர் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் பிரிவில் இருந்தார். அச்சகத்தை மூடினார்கள். அதே சமயத்தில்தான் என் தங்கைக்குப் பெண் பிறந்தாள். தங்கை பல்கலைக்கழக மருத்துவமனையில் நர்ஸ். விடுப்பு முடிந்ததும் போயே ஆக வேண்டும். வேறு வேலை கிடைக்கிறவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்தவர், அவள் பள்ளிக்கூடம் போகிறவரை இறக்கவே இல்லை.

பிள்ளை வளர்ப்பதில் அவருக்கு இருந்தது ஆசை. கடமை என்று நினைத்துச் செய்தவர் இல்லை. அழுகிற குழந்தையைக் கையில் வாங்கினால் கொஞ்ச மாட்டார், கிலுகிலுப்பை ஆட்ட மாட்டார். தோளில் போட்டுக்கொண்டு சன்னலோரமாக நடப்பார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள், எதிர் வீட்டுப் பிள்ளை, யாராக இருந்தாலும் சற்று நேரத்தில் அந்தத் தோளில் வாய் பிளந்து தூங்கும். பொண்டாட்டி சம்பாதிக்கிறாள், புருஷன் கால் கழுவி விடுகிறான் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நானும் கேலி செய்தேன். ஆனால் இரவுப் பணி முடிந்து வந்த என் தங்கை பகலில் கவலையில்லாமல் தூங்கிய தூக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பெண்களுக்கு அது கிடைக்கிறது?

பிள்ளை பள்ளிக்குப் போன பிறகு மனிதருக்கு வீடு வெறிச்சோடிவிட்டது. அப்போதுதான் அந்த விளம்பரம் வந்தது.

பல்கலைக்கழகத்தில் சம வாய்ப்புக் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்குப் பிறகு எந்த வேலைக்கு விளம்பரம் கொடுத்தாலும் அடியில் ஒரு வரி இருக்கும்: ஆண், பெண் என்ற வேறுபாடின்றித் தகுதியுள்ள அனைவரும் விண்ணப்பிக்கலாம். தோட்டக்காரர் வேலைக்கும் அதே வரி, துணைவேந்தர் வேலைக்கும் அதே வரி. ஊழியர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கு ஆயா ஒருவர் தேவை என்ற விளம்பரத்துக்கு அடியிலும், படித்துப் பார்க்காமல் அதையே ஒட்டிவிட்டார்கள். அந்த வரியை நம்பியவர் உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு என் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தோம்.

நேர்முகத் தேர்வில் அவரை வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடியிருக்கிறார்கள். விண்ணப்பித்த மற்ற இரண்டு பேரில் ஒருத்திக்குக் குழந்தை அழுதாலே தலைவலி வருமாம். இன்னொருத்தி வரவேயில்லை. கொள்கையை எழுதி வைத்துவிட்டு ஆணென்பதால் கிடையாது என்று எப்படிச் சொல்வது? வேலையைக் கொடுத்தார்கள். ஓராண்டு தகுதிகாண் பருவம். அது முடிந்து பொறுப்பாளர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம்.

காப்பகத்தில் பெண்களுக்கான நீலக் கோட்டுதான் இருந்தது. இருந்ததில் பெரியதைக் கொடுத்தார்கள். முதல் நாளே தோளில் தையல் விட்டது. ஆண்களுக்குக் கழிப்பறையும் கிடையாது. அவசரம் என்றால் எதிரே இருக்கும் நூலகக் கட்டடத்துக்கு ஓட வேண்டும். மாப்பிள்ளைக்கு வேலை இந்தக் கட்டடத்தில், அவசரம் அந்தக் கட்டடத்தில் என்று பேருந்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காலையில் அம்மாக்களையும் பிள்ளைகளையும் காப்பக வாசலில் இறக்கிவிடுவது என் பேருந்துதான். மாப்பிள்ளை வாசலில் நிற்பார். நான் ஹாரனை இரண்டு தடவை அழுத்துவேன். ஆயாவுக்கு வணக்கம் என்று அர்த்தம். பேருந்தே சிரிக்கும். அவரும் கையைத் தூக்குவார். ஓட்டுநர் இருக்கை உயரமானது. வாசலில் நடப்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேலிக்கு நடுவே ஒன்று என் கண்ணில் பட்டது.

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பார். இறங்கி வருகிற அம்மா சிரிப்பார், நலம் விசாரிப்பார், துணியும் பால் பாட்டிலும் இருக்கிற பையை அந்தக் கையில் மாட்டுவார். பிறகு அவரைத் தாண்டிப் போய், பின்னால் நிற்கும் பெரிய ஆயாவிடம் குழந்தையைக் கொடுப்பார். அடுத்த அம்மாவும் அப்படியே. பையைக் கொடுப்பார்கள், பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள். கடைசியில் அவர் இரண்டு தோளிலும் பைகளைச் சுமந்துகொண்டு உள்ளே போவார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா கெட்டவர் இல்லை. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். முதல் வாரத்திலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டுத் தன்மையாகச் சொல்லிவிட்டார். குழந்தைகளைத் தூங்க வைக்கும் அறைக்குள் போக வேண்டாம். கழுவி விடும் அறைக்கும் வேண்டாம். ஊட்டுவதைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். பெற்றோர் சங்கடப்படுகிறார்கள், நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது.

அவர் தப்பாக நினைக்கவில்லை. உடைந்த ஊஞ்சலைச் சரிசெய்தார். பொம்மைகளைக் கழுவினார். திரை மாட்டினார், கட்டில் நகர்த்தினார், எரிவாயு உருளை தூக்கினார். ஆயா வேலை ஒன்றைத் தவிர எல்லா வேலையும் செய்தார். சிறு பிள்ளைகள் விளையாட்டில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனைச் சேர்த்துக்கொள்வார்களே, அப்படி இருந்தது அவர் நிலைமை. நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொள்கையும் தெரியவில்லை, சங்கடமும் தெரியவில்லை. அவை தாமாகவே வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டன. மீசை ஆயா என்று பெயர் வைத்ததும் அவைதான்.

நடுவில் ஒரு சம்பவம். தூங்கும் அறையில் ஒரு பையன் உடைந்த பொம்மையால் தன் கன்னத்தைத் தானே கீறிக்கொண்டான். உள்ளே இருந்தது பெரிய ஆயா மட்டும். வெளிச்சம் படக் கூடாது என்று கதவைச் சாத்தி வைப்பது வழக்கம். பையனின் அம்மா கீறலைப் பார்த்துவிட்டு, நகமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான். பெரிய ஆயா இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருக்கிறவர். தான் தொடவில்லை என்று சொன்னார். யார் பார்த்தார்கள்? மூடிய கதவுக்கு வெளியே பொம்மை கழுவிக்கொண்டிருந்த மாப்பிள்ளையாலும் சாட்சி சொல்ல முடியவில்லை. பேச்சு அதோடு அடங்கிவிட்டது. ஆனாலும் பெரிய ஆயா ஒரு வாரம் சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதார் என்று மாப்பிள்ளை என்னிடம் சொன்னார்.

ஆண்டு முடியும் நேரத்தில் பொறுப்பாளர் அம்மா அவரை உட்கார வைத்துப் பேசினார். ஊட்டினாரா, கழுவினாரா, தூங்க வைத்தாரா என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். செய்யாததைச் செய்தார் என்று பொய் எழுத அவருக்கு மனம் வரவில்லை. செய்யவில்லை என்று எழுதினால் வேலை போய்விடும். அதனால் அவரே அலைந்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நூலகத்தில் உதவியாளர் இடம் காலியாக இருக்கிறது. இதே சம்பளம். உடனே நிரந்தரம்.

எனக்கு அது கரும்பு தின்னக் கூலி மாதிரி தெரிந்தது. கழிப்பறையும் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். என் தங்கை என்னைப் பார்த்த பார்வையில் பச்சை மரம் பற்றி எரியும்.

"செய்ய விடாம வச்சிட்டு, செய்யலன்னு எழுதுவாங்களாம். இதக் கேக்க ஆளில்லையா? நீங்க போய்ப் புகார் குடுங்க. இல்லன்னா நான் போறேன்" என்றாள்.

மாப்பிள்ளை மகளின் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமல் சொன்னார்.

"நான் நூலகத்துக்கு விண்ணப்பம் போடல, மச்சான்."

மறுநாள் சம வாய்ப்புப் பிரிவுக்குப் போனார். அங்கே தலைவி, அந்தக் கொள்கையைத் தன் கையால் எழுதிய சட்டப் பேராசிரியை. அவரும் என் பேருந்தில் வருகிறவர்தான். வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண் குழந்தை. தினமும் காலையில் பையை மாப்பிள்ளையிடம் கொடுப்பார், குழந்தையைப் பெரிய ஆயாவிடம் கொடுப்பார்.

உள்ளே என்ன நடந்தது என்பதை மாப்பிள்ளை வாயிலிருந்து வாங்க எனக்கு அன்று மாலைவரை ஆயிற்று. நான் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தேன், அவர் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யார் மேல புகார்னு கேட்டாங்க. யார் மேலயும் இல்ல மேடம், எல்லாரும் நல்லவங்கதான்னு சொன்னேன். பேர் இல்லாம விசாரிக்க முடியாதுன்னாங்க. அப்போ உங்க பேரையும் சேத்துத்தான் சொல்லணும் மேடம்னு சொல்லிட்டேன்."

நான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். வாயில்லாப் பூச்சி என்று நாங்கள் நினைத்திருந்த மனிதர். அந்த அம்மா எழுந்து கத்தினாரா, வெளியே போகச் சொன்னாரா என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாராம். பிறகு, எழுதும்போது கை தாராளமாக வந்தது, என் குழந்தையைக் கொடுக்க மட்டும் வரவில்லை, ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை என்றாராம். அதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. எனக்கு அப்போது கூடவில்லை. சொல்லத் தெரியாத ஒன்றுக்காக ஒருத்தன் வேலை போகலாமா என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை காப்பகத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டது நான்தான். அதனால் யாரையும் கேட்காமல் நானும் உள்ளே போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். எல்லாம் குழந்தைகள் நாற்காலி. முழங்கால் தாடையில் இடித்தது. பேராசிரியர்களும் அலுவலர்களும் அதே கோலத்தில் குந்தியிருந்ததைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

பேராசிரியை விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். தானும் அந்த அம்மாக்களில் ஒருத்தி என்பதை மறைக்கவில்லை. ஒரு தகப்பனார் எழுந்து, இவர்மேல் தனிப்பட்ட முறையில் எதுவுமில்லை, ஆனால் செய்தித்தாளைத் திறந்தாலே பயமாக இருக்கிறது என்றார். பலர் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை சுவரோரம், தோள் தைத்த நீலக் கோட்டுடன் நின்றுகொண்டிருந்தார். என் தங்கை பணியில் இருந்தாள். வந்திருந்தால் கூட்டம் வேறு மாதிரி போயிருக்கும். பொறுப்பாளர் அம்மா மாப்பிள்ளையைப் பேசச் சொன்னார்.

"பயப்படறது தப்பில்லைங்க" என்று ஆரம்பித்தார். "என் பொண்ண முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்ட விடணும்னா நானும் ஆயிரம் யோசிப்பேன். அந்தப் பயத்துக்கு ஒரு வழி பண்ணுங்க. கதவுல பெரிய கண்ணாடியா போடுங்க. பிள்ளைங்க கூட எப்பவும் ரெண்டு பேர் இருக்கணும்னு வைங்க. ஆனா அத எனக்கு மட்டும் வைக்காதீங்க. எல்லாருக்கும் வைங்க."

எதிர்ப்பு வந்தது பெற்றோரிடமிருந்து இல்லை. பெரிய ஆயா எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"அப்போ என்னையும் சேத்துச் சந்தேகப்படச் சொல்றே. அப்படித்தானே தம்பி? எத்தன பிள்ளைங்கள இந்தக் கையால வளத்திருக்கேன்."

காரியம் கெட்டது என்று நினைத்தேன். அந்த அம்மா மனது வைக்காவிட்டால் காப்பகத்தில் ஒரு தொட்டில்கூட ஆடாது. மாப்பிள்ளை அவர் பக்கம் திரும்பினார்.

"இல்லக்கா. அந்தப் பையன் கன்னத்துல கீறல் பட்டுதே, அன்னிக்கு நான் கதவுக்கு வெளியதான் இருந்தேன். நீங்க தொடலன்னு எனக்குத் தெரியும். ஆனா பாத்தேன்னு சொல்ல முடியல. கண்ணாடி இருந்திருந்தா நீங்க அழுதிருக்க வேண்டாம்."

அந்தப் பையனின் அம்மா முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பெரிய ஆயா தன் இடத்திலேயே உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"போடுங்க கண்ணாடிய. சீக்கிரமாப் போடுங்க" என்றார்.

பேராசிரியை அதை முறையான விதியாக எழுதினார். எல்லா அறைக் கதவிலும் கண்ணாடி. குழந்தைகளுடன் எப்போதும் இரண்டு பேர். ஊட்டுவது, கழுவுவது, தூங்க வைப்பது, காலையில் வாசலில் குழந்தைகளை வாங்குவது எல்லாம் முறை வைத்து எல்லோருக்கும். ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று கிடையாது. மாப்பிள்ளையின் தகுதிகாண் பருவத்தை மட்டும் ஆறு மாதம் நீட்டினார்கள். பாதிக் கிணறு தாண்டச் சொல்கிறார்களா என்று என் தங்கை வீட்டில் பாத்திரங்களை உருட்டினாள். மாப்பிள்ளை சந்தோஷமாகத்தான் இருந்தார். அளவெடுத்துத் தைத்த புதுக் கோட்டு ஒன்றும் வந்தது.

கண்ணாடி போட்டாயிற்று. அடுத்த திங்கட்கிழமை அவருடைய வாசல் முறை. நான் வழக்கம்போல் ஹாரன் அடித்தேன். முதலில் இறங்கிய அம்மா அவரைப் பார்த்தார், சிரித்தார், பையைக் கொடுத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்துப் பெரிய ஆயாவைக் கூப்பிட்டார். பெரிய ஆயா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இன்று அவர் முறை என்று உள்ளிருந்தே சொன்னார். அந்த அம்மா குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். விதியை எழுதலாம், கதவை மாற்றலாம். பெற்றவளின் கையை யார் பிடித்து நீட்ட முடியும்? மறுநாளும் அப்படியே. ஆறு மாதமும் இப்படியே போனால் பொறுப்பாளர் அம்மா மறுபடியும் அதே உண்மையைத்தான் எழுத வேண்டியிருக்கும். அன்று மாலை மாப்பிள்ளை பேருந்தில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். முதல் தடவையாக, நூலகத்தில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்குமா என்று கேட்டார். எனக்கு அவரைக் கேலி செய்ய வரவில்லை.

புதன்கிழமை பேராசிரியை வந்தார். இரண்டு நாளாகக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று வரவில்லை. முன் இருக்கையில், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். காப்பக வாசலில் நிறுத்தினேன். அவர்தான் முதலில் இறங்கினார். மற்ற அம்மாக்கள் அவருக்குப் பின்னால் படியிலேயே நின்றார்கள்.

மாப்பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நின்றார். பழக்கதோஷம், பை மாட்டுவதற்குத் தோதாக ஒரு கையைச் சற்றுத் தாழ்த்தி வைத்திருந்தார். பேராசிரியை அவருக்கு எதிரே போய் நின்றார். கதவின் கண்ணாடி வழியாகப் பெரிய ஆயா தெரிந்தார். பேராசிரியை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. குழந்தையின் பின்கழுத்தில் ஒரு கையை வைத்து, தோளிலிருந்து மெதுவாகப் பிரித்து, அவருடைய தோளில் சாய்த்தார். குழந்தை ஒரு தடவை முனகிவிட்டுக் கன்னத்தைப் புதுக் கோட்டில் தேய்த்துக்கொண்டது.

"ராத்திரி முழுக்கத் தூங்கல. பல்லு வருது, ஈறு வீங்கியிருக்கு" என்றார் பேராசிரியை. "எழுந்ததும் பால் வேண்டாம். கொஞ்ச நேரம் தோள்லயே வச்சிருங்க."

"சரிங்க மேடம்" என்றார் மாப்பிள்ளை.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் ஒரு தாய் அவரிடம் தன் பிள்ளை இரவு எப்படித் தூங்கியது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பேராசிரியை திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்து போய்விட்டார். படியில் நின்றிருந்தவர்களில் அந்தக் கீறல் பட்ட பையனின் அம்மா அடுத்து இறங்கினார். அவரும் அவனைக் கையைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்.

பிற்பாடு உறுதி ஆணை வந்தது, தங்கை அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதவி இன்னும் ஆயாதான். என்னைக் கேட்டால், ஆணை கிடைத்தது அந்தப் புதன்கிழமைதான்.

எல்லோரும் இறங்கிய பிறகு பார்க்கிறேன், முன் இருக்கையில் பேராசிரியையின் பை கிடந்தது. பிள்ளையைக் கொடுத்தவர் பையை மறந்துவிட்டார். எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாப்பிள்ளை உள்ளே சன்னலோரமாக நடந்துகொண்டிருந்தார். தோளில் குழந்தை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவைத் திறந்து பையை நீட்டினேன். அவருக்கு வாங்கக் கை இல்லை.

"அப்படி வச்சிட்டுப் போங்க, மச்சான்" என்றார், உதட்டை மட்டும் அசைத்து.

வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன். கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போயிற்று. உள்ளே பிள்ளை தூங்குகிறதே என்று கையை விலக்கிக்கொண்டேன்.